தேங்காப்பட்டணம் பக்கம் பாய்ப்படகுக் கம்பி பார்க்க ஒரு நல்ல பட்டறை

மார்த்தாண்டம், களியக்காவிளை, பூவாறு சுற்றுவட்டாரத்தில் பழைய சின்னப் பாய்ப்படகு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைச் சோதிக்க, மாற்ற, கொச்சி வரை போக வேண்டியதில்லை. தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், வலைக்கடைகளைத் தாண்டி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. வின்ச் ரோப், ஷாக்கிள் (கம்பியை மாட்டும் கொண்டி), கப்பி என்று விசைப்படகு வேலைதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அங்கே இருக்கும் மூத்த மெக்கானிக் என் படகின் மெல்லிய கம்பிக்குக் கொடுத்த கவனத்தை, பாய்ப்படகு வேலை தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் இடங்களில்கூட நான் பார்த்ததில்லை.

என்னுடையது என்டர்பிரைஸ் வகை. ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்தது, நான்கு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளம், நீலப் பாய், இரண்டு பேர் ஓட்டலாம். பாய்மரத்தை நிறுத்துவது மூன்றே கம்பி, முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. பக்கக் கம்பி ஒன்று காற்றில் அறுந்தால் மரம் அப்படியே சாயும். குழித்துறை ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு அருகில் இருக்கும்போது அது நடந்தால் நீரோட்டம் வெளியே இழுத்துக்கொண்டு போகும். அதனால் இந்த விஷயத்தில் "பார்த்தால் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்பவரிடம் வேலை கொடுக்க எனக்கு மனம் வராது.

புதுக் கம்பி வேண்டும் என்று கேட்டுத்தான் போனேன். விலை சொல்வதற்கு முன் பழையதைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். பழைய பனியன் துணியால் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே மெல்ல ஓட்டினார். உள்ளே ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி அங்கே மாட்டும் (வெறும் விரலால் இதைச் செய்யாதீர்கள், கிழித்துவிடும்). கம்பியின் நடுப்பகுதி முழுக்கச் சுத்தமாக இருந்தது. நான் நிம்மதியாகும் நேரத்தில் "கம்பிய பாக்காத மக்கா, கம்பி உள்ள போற வாயப் பாரு" என்று லென்ஸை என் கையில் கொடுத்தார். கம்பி முனையை மடக்கி அழுத்திப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்தான் ஃபெரூல். அதற்குள் கம்பி நுழையும் இடத்தில் இரண்டு இழை அறுந்து, துருக்கறை கசிந்திருந்தது. ஒரு இழை அறுந்தாலே மாற்ற வேண்டியதுதான், ஏனென்றால் மற்ற இழைகளும் அதே வயது, அதே உப்பைக் குடித்தவை.

இதற்கான காரணத்தையும் சொன்னார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் பிழைத்திருக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். ஃபெரூலின் இடுக்கிலோ டேப் சுற்றிய இடத்திலோ உப்புத் தண்ணீர் தேங்கினால் காற்று போகாது, படலம் போய்விடும், உள்ளுக்குள்ளேயே அரிக்கும். பாய் கிழியாமல் இருக்கட்டும் என்று முனைகளில் இறுக்கமாக டேப் சுற்றும் பழக்கம் பலருக்கு உண்டு, நம் ஊர் உப்புக்காற்றுக்கு அது ஆகவே ஆகாது.

அடுத்தது ஃபெரூல். போன முறை வேறொரு ஊரில் ஒரு கடையில் ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு அலுமினிய ஃபெரூல் போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அலுமினியம் கரையும், வெள்ளைப் பொடி பூத்திருந்தது அதனால்தான். அலுமினிய ஃபெரூல் கால்வனைஸ்டு கம்பிக்கு, ஸ்டெயின்லெஸுக்குச் செம்புதான். இங்கே செம்பு ஃபெரூல் போட்டு, கம்பியின் வால் நுனி சிறிது வெளியே தெரியும்படி விட்டு அழுத்தினார்கள். நழுவத் தொடங்கினால் அந்த வால் உள்ளே போவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பிறகு ஒவ்வொரு கம்பியையும் செயின் பிளாக்கில் மாட்டி, தொங்கும் டிஜிட்டல் தராசு 300 கிலோ காட்டும் வரை என் கண் முன்னே இழுத்தார்கள். அறுக்க 700 கிலோவாவது தேவைப்படும் கம்பி அது. இதை நான் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள். இந்தப் பட்டறையைச் சிபாரிசு செய்ய இது ஒன்றே போதும்.

பக்கக் கம்பிகளைப் பிடிக்கும் தட்டுகளுக்கு டிபி டெஸ்டும் உண்டு. சிவப்பு மை அடித்து, ஊற விட்டு, துடைத்து, வெள்ளைப் பவுடர் ஸ்பிரே செய்தால் விரிசல் சிவப்புக் கோடாக வெளியே வரும். ஒரு தட்டில் பின் துளைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கோடு வந்தது. சாதாரணமாகப் பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. புதுத் தட்டு அங்கேயே வெட்டித் துளைத்துக் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. கம்பியின் தரத்தில் நீங்கள் விடாப்பிடியாக இருக்க வேண்டும். கடையில் இருக்கும் பையன் காந்தத்தை வைத்துக் காட்டி "316தான் அண்ணா" என்கிறான். 304, 316 இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் தரங்கள், அந்தச் சோதனையால் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கவே முடியாது, போதாததற்கு இழுத்துச் செய்த கம்பி எந்தத் தரமானாலும் கொஞ்சம் காந்தத்தில் ஒட்டும். 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்புத் தண்ணீரைத் தாக்குப்பிடிக்க அதுதான் உதவுகிறது. மில் சர்டிஃபிகேட் (ஆலை தரும் தரச் சான்று) கேளுங்கள், இல்லையென்றால் கம்பியை நீங்களே வரவழைத்துக் கொடுங்கள், அதற்கு அவர்கள் முகம் சுளிப்பதில்லை. இன்னொன்று, மரத்தை நிறுத்த 1x19 கம்பிதான் (19 இழையும் ஒரே புரியாக முறுக்கியது) வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்டாக்கில் எப்போதும் இருப்பது 7x19, அதாவது 19 இழை கொண்ட ஏழு புரி சேர்ந்தது. அது கப்பியில் வளைந்து ஓட, பாய் ஏற்றும் ஆஞ்சான் கயிறாக இருக்க ஏற்றது, ஆனால் நன்றாக நீளும், அதே தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் தாங்கும்.

முன்பாயின் ஓரத்துக்குள் ஓடும் கம்பியை அவர்களாகப் பார்க்கவில்லை. முன்பாயை ஏற்றி இறுக்கிய பிறகு மரத்தை முன்னால் பிடிப்பது பெரும்பாலும் அந்தக் கம்பிதான், ஆகவே பாயையும் கையோடு எடுத்துப் போய்ச் சொல்லிப் பார்க்க வையுங்கள். தச்சு வேலை கிடையாது. தட்டு போல்ட் இறங்கும் இடத்தில் பிளைவுட் உளுத்திருக்கிறதா என்று நீங்கள்தான் குத்திப் பார்க்க வேண்டும்.

கூலி நியாயம், கம்பிக்கும் பிட்டிங்குக்கும் தனித்தனி பில். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரைத் தடைக்காலம். தூத்தூர், வள்ளவிளை விசைப்படகெல்லாம் அப்போதுதான் கரையேறி வேலைக்கு நிற்கும், நம் வேலையை எடுக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. அதற்கு முன்போ, ஆகஸ்டு பாதிக்கு மேலோ போங்கள். பழைய கம்பிகளை நறுக்காமல், பின், ஷாக்கிளோடு அப்படியே கொண்டு போங்கள், பின்னிலிருந்து பின் வரை இழுத்துப் பிடித்துத்தான் நீளம் எடுக்கிறார்கள்.