கல் ஏற்றும் வண்டிக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா? எட்டு மாதம் ஓட்டிப் பார்த்தது

ஆத்தங்குடியிலிருந்து தரையில் பதிக்கும் பூக்கல் ஏற்றிப் போவதுதான் என் தொழில். கையால் வார்க்கிற கல். பத்து அங்குலக் கல் ஒன்றே இரண்டரை கிலோவுக்கு மேல் வரும். வைக்கோல் வைத்து அடுக்கினால் தொட்டி பாதிகூட நிறைந்திருக்காது, ஆனால் பின்பட்டை (பின்சக்கர ஸ்பிரிங் பட்டை) அதற்குள் நேராகிவிடும். வண்டி இரண்டரை லிட்டர் டீசல் பிக்கப், 2016 மாடல். 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், போன ஆவணியில் டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, போய்விட்டது. பழையதைச் சரி பண்ணுவதா, புதுசு வாங்குவதா, இல்லை அதைத் தூக்கிவிட்டு, அதே வேலையை பெல்ட்டில் ஓடிச் செய்யும் சூப்பர்சார்ஜர் போடுவதா என்று மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் கோர் (உள்ளே சுற்றும் தண்டும் விசிறிகளும்) மாற்றிய டர்போவைப் போட்டு எட்டு மாதமாக ஓட்டுகிறேன். காரைக்குடி ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்கிறார். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கொடைக்கானலில் ஒரு வீட்டுக்கு லோடு. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி இரண்டாவது கியரிலேயே திணறியது. பின்னால் கரும்புகை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவை வரவில்லை, விசில் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. எப்படியோ உருட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுநாள் காரைக்குடியில் பட்டறைக்குப் போனேன்.

மேஸ்திரி ஏர் ஹோஸைக் கழற்றினார். உள்ளே தெரிந்த சின்ன விசிறியின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. "அண்ணே, லைட்ட இப்படி பிடிங்க" என்றார். இறக்கை நுனிகள் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி இருந்தன. சுற்றியிருந்த அலுமினியச் சுவரில் இறக்கை உரசிய இடம் மட்டும் வளையமாகப் பளபளத்தது. ஹோஸின் உட்புறத்தை அவர் விரலால் வழித்துக் காட்டினார், குங்குமம் தொட்ட மாதிரி செம்மண் தூள். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் ஒன்று எப்போதோ உடைந்ததும், அதைக் கம்பி போட்டுக் கட்டி நான் ஓட்டிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் மண் எந்தச் சந்திலும் புகுந்துவிடும். டர்போ தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் ஒவ்வொரு மணலும் உளி மாதிரிதான்.

கோவையில் வண்டிகளுக்கு டியூனிங் பண்ணுகிற அக்கா மகன் செய்தி கேட்டதும் போன் போட்டான். "மாமா, இந்தத் தொல்லையே வேண்டாம், சூப்பர்சார்ஜர் போட்டுடலாம்." நேரில் போய் அவன் தயார் செய்த ஒரு பெட்ரோல் ஜீப்பை ஓட்டிப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லவேண்டும், அருமையான சாமான். காலை வைத்த நொடியிலேயே இழுக்கிறது. டர்போவில் மிதித்த பிறகு ஒரு கணம் காத்திருப்போமே, அந்த இடைவெளியே இதில் இல்லை. என்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் நேராக ஓட்டுவதால் என்ஜின் சுற்றினாலே காற்று வந்துவிடும். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அதே நினைப்பாகத்தான் இருந்தேன்.

அப்புறம் நிதானமாக யோசித்தபோதுதான் கணக்கு மாறியது. பெல்ட் ஓட்டுகிற சக்தி என் என்ஜினிலிருந்துதான் போகவேண்டும். டர்போ அப்படியல்ல. டீசல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு சூடாக வெளியே போகிறது. வீணாகப் போகிற அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு பங்கைப் பிடித்துத்தான் டர்போ சுற்றுகிறது. தினமும் ஓடுகிற சுமை வண்டிக்கு இந்த வித்தியாசம் டீசல் பில்லில் தெரியும்.

இன்னொன்று மலை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்று கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு. சூப்பர்சார்ஜரின் வேகத்தைப் புல்லி அளவு கட்டிப்போட்டுவிடுகிறது. காற்று லேசானால் அது தள்ளுவதும் அந்த அளவுக்குக் குறையும். டர்போ மேலே போகப்போக இன்னும் வேகமாகச் சுற்றி, அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடும்.

"அமெரிக்க டீசல் லாரியில எல்லாம் இருந்துச்சே மாமா" என்றான். இருந்தது உண்மைதான். 1860-ல் இண்டியானாவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய அதே வகை ஊதுகருவி பழைய டெட்ராய்ட் டீசல் என்ஜின்களில் இருந்தது. ஆனால் அவை இரண்டு ஸ்ட்ரோக். காற்றை உள்ளே தள்ளிப் புகையை விரட்டாவிட்டால் அந்த என்ஜின் ஓடவே ஓடாது. நம்முடையது நாலு ஸ்ட்ரோக் காமன் ரயில், டீசலை எவ்வளவு தெளிப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும் வகை. சூப்பர்சார்ஜர் வைத்தால் அதற்கு பிராக்கெட் செய்யவேண்டும், கம்ப்யூட்டரில் டீசல் அளவை மாற்றி எழுதவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்கிற வண்டியில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம். அவன் சொன்ன செலவு ஒன்றரை லட்சம். பெல்ட் அறுந்து நத்தம் ரோட்டில் நின்றால் அதற்குச் சாமான் எந்தக் கடையில் கிடைக்கும்?

சரி, டர்போதான் என்று முடிவு செய்தேன். புதுசு 32,000 கேட்டார்கள். கோர் மாற்றி, பேலன்ஸ் பார்த்து, வேலையோடு 14,500 ஆனது. பட்டறையின் வேலையில் எனக்குப் பிடித்தது, டர்போவை மட்டும் மாட்டி அனுப்பாததுதான். டர்போ தள்ளும் சூடான காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரைக் கழற்றி டீசல் ஊற்றிக் கழுவினார்கள், உள்ளேயிருந்து ஒரு டம்ளர் எண்ணெய் வந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் அந்த எண்ணெய் முழுக்க என்ஜினுக்குள் போயிருக்கும். எண்ணெய் வருகிற குழாயைப் புதிதாகப் போட்டார்கள். மாட்டுவதற்கு முன் மேஸ்திரி டர்போவின் எண்ணெய்த் துளையில் சொட்டுச்சொட்டாக விட்டு, விசிறியைக் கையால் சுற்றினார். தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது, முதல் சுற்றே காய்ந்த நிலையில் சுற்றினால் புதுக் கோரும் கெட்டுவிடும் என்றார்.

குறை ஒன்று உண்டு. எண்ணெய் திரும்பும் குழாய்க்குப் பழைய கேஸ்கெட்டையே போட்டுவிட்டார்கள். நாலாம் நாள் வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்திருந்தது. திரும்பக் கொண்டுபோனதும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் எனக்கு ஒரு நாள் வாடகை போயிற்று. இரண்டு நாளில் தருகிறோம் என்றதும் ஆறு நாள் ஆனது.

எட்டு மாதத்தில் 26,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லோடோடு லிட்டருக்கு எட்டரைக்கு இறங்கியிருந்தது மறுபடி பதினொன்றுக்கு வந்துவிட்டது. என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே போனால் வண்டி சோம்பல்தான், ஸ்பீடு பிரேக்கர் தாண்டியதும் கியரைக் குறைக்காமல் முடியாது. அந்த நேரத்தில் கோவை ஜீப் ஞாபகம் வரும். பெட்ரோல் வண்டியை ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் தாராளமாக சூப்பர்சார்ஜர் பக்கம் போகலாம். டீசலில் சுமை ஏற்றி, நாளைக்கும் அதே வண்டியை எடுக்கவேண்டியவர்கள் டர்போவையே ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள். மலை ஏறி நின்றதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். எண்ணெயைத் தேதிக்கு மாற்றுங்கள், ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை முதலில் பாருங்கள்.

போன வாரம் நானே ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். நட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழை அசைவு இருக்கும், அது எண்ணெய்க்கு விட்ட இடம். முன்னும் பின்னும் இழுத்தால் அசையவே கூடாது. இழுத்தேன், அசையவில்லை. ஹோஸுக்குள் விரலை விட்டு வழித்தேன், மண் ஒட்டவில்லை.