மேம்பாலம் முதலிலா, நடைபாதை முதலிலா?

வடசென்னையில் மாநகராட்சிப் பணம் முதலில் எதற்குப் போக வேண்டும்? கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்கள் மேம்பாலம் என்றுதான் சொல்வார்கள். நியாயம்தான். சரக்கு ரயில் ஊர்ந்து கடக்கும்வரை ஆம்புலன்ஸும் நிற்க வேண்டும். பொறுமையிழந்தவர்கள் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கு அடியில் நுழைகிறார்கள். மேம்பாலம் வந்தால் அந்த ஆபத்து தீரும். ஆனால் தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயுடையது, அணுகுசாலை மாநகராட்சியுடையது. இரண்டு தரப்பு ஒப்புதல், நிலமெடுப்பு, மின்கேபிள், கழிவுநீர்க் குழாய் மாற்றம் என்று ஆண்டுகள் ஓடும். ஒதுக்கிய பணமும் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

நடைபாதைக்கு இவ்வளவு இழுபறி இல்லை. டெண்டர் விட்டு ஒரே நிதியாண்டில் முடித்துவிடலாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மின்பெட்டியைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கி நடக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதுகுக்குப் பின்னால் லாரி வருகிறது. அவர்களுக்குப் பலன் உடனே கிடைக்கும்.

போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று 2014-இலேயே மாநகராட்சி கொள்கை வகுத்தது. அதனால் என் ஓட்டு நடைபாதைக்கு. மேம்பாலத்துக்கு இந்த ஆண்டு நில அளவைக்கும் குழாய் வரைபடத்துக்கும் மட்டும் பணம் வைத்தால் போதும்.