அறுகம்பேயில் இருந்து குமண சஃபாரி போகிறீர்களா? டிக்கெட் காசை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பேயில் தங்கி குமண தேசிய பூங்காவுக்கு ஜீப் பிடிக்க இருப்பவர்கள் கவனம். பூங்காவுக்குள் போகாமலே பூங்கா காட்டி அனுப்பும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். எங்களிடம் டிக்கெட் காசையும் முழுதாக வாங்கிக்கொண்டு அதைத்தான் செய்தார்கள்.

நாங்கள் போனது ஜூலையில். லண்டனில் இருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. பிள்ளைகளுக்கு சேர்ஃபிங், அத்தானுக்குப் பறவை. பூங்காவுக்குள் இருக்கும் குமண வில்லு என்ற நீர்நிலையில் இந்தக் காலத்தில் பறவைகள் கூடு கட்டும், மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் கூட்டமாக நிற்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்புக் கழுத்து நாரையும் தெரியும் என்று மனுஷன் விமானம் ஏற முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார். போரால் 1985 இல் மூடிய அந்தக் காடு 2003 இல்தான் திறந்தது, அதற்குள் அவர் ஊரை விட்டே போய்விட்டார்.

பிரதான வீதியில் யானைப் படம் போட்ட பலகையோடு நின்ற ஒருவரிடம் பேசினோம். ஜீப்புக்கு ஒரு விலை, டிக்கெட்டுக்கு வேறாக. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு டிக்கெட் உள்ளூர்க்காரரை விடப் பல மடங்கு, அது அரசாங்கக் கட்டணம், அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. "காலையில் கவுண்டரில் சனமாக இருக்கும், காசை இப்பவே தாங்க, நான் எடுத்து வைக்கிறேன்" என்றார். கொடுத்தோம். பற்றுச்சீட்டு? "நாளைக்கு ஜீப்பில் இருக்கும் அண்ணே."

விடிய முன் புறப்பட்டு பாணமை தாண்டிப் போகும்வரை நன்றாகத்தான் இருந்தது. குளத்தில் முதலை, வழியெல்லாம் மயில், பற்றைக்குள் யானை. அவர்களுடைய வியாபாரமே இதில்தான் நடக்கிறது, ஏனென்றால் இவை எல்லாம் பூங்காவுக்கு வெளியே, பொது வீதியில் நின்றே பார்க்கக் கூடியவை. உகந்தை முருகன் கோவிலில் இறக்கிவிட்டு, "கும்பிட்டு வாங்க, நான் டிக்கெட் அலுவலைப் பார்க்கிறேன்" என்று போனார். பூங்கா வாசல் அந்தப் பக்கம்தான், ஆனால் கோவிலுக்குப் போக எந்த டிக்கெட்டும் வேண்டாம். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் அங்கே வந்து தங்கித்தான் காட்டுக்குள் இறங்குவார்கள்.

திரும்பி வந்தவர் எங்களை ஏற்றிக்கொண்டு வந்த வழியிலேயே கொஞ்சத் தூரம் போய், ஒரு மணல் பாதைக்குள் திருப்பிச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். வாசல் இல்லை, தடுப்பு இல்லை, சீருடையில் ஓர் அலுவலர்கூட இல்லை. வில்லு எங்கே என்று அத்தான் கேட்க, தாமரை பூத்த ஒரு சின்னக் குளத்தைக் காட்டி "இதுதான்" என்றார். அதில் சில கொக்குகளும் ஓர் எருமையும். அத்தான் பாவம், தொலைநோக்கியை எடுத்து எருமையைப் பார்த்தார். உண்மையான குமண வில்லு கண்டல் மரங்கள் சூழ்ந்த, ஏறத்தாழ 200 ஹெக்டேயர் நீர்நிலை, கும்புக்கன் ஆற்றில் இருந்து வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. எருமைக் குளத்தோடு மாறிப்போக வழியே இல்லை.

விடுதி நடத்தும் நானா பொத்துவில்காரர். வந்ததும் "டிக்கெட்டைக் காட்டுங்க தம்பி" என்றார். இல்லை என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. உடனே அந்த ஆளுக்கு ஃபோன் எடுத்தார். முதலில் கவுண்டர் மூடியிருந்தது என்றான், அப்புறம் உள்பாதை சேறு என்றான் (ஜூலையில், அந்த வெயிலில்!), கடைசியில் "யானை பார்த்தாங்க தானே நானா" என்றான். பொலிஸ் என்ற சொல் வந்த பிறகுதான் டிக்கெட் காசு திரும்பியது. ஜீப் காசு போனது போனதுதான்.

ஜீப்புக்கு மட்டும் விலை பேசுங்கள். டிக்கெட்டை உகந்தை வாசலில் நீங்களே கடவுச்சீட்டோடு இறங்கி வனஜீவராசிகள் திணைக்களக் கவுண்டரில் எடுங்கள். ஆளுக்குக் கட்டணம், குழுவுக்குச் சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வற் வரி என்று கூட்டுத்தொகை பெரிதாகத்தான் வரும், பயப்பட வேண்டாம், ஆனால் பற்றுச்சீட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். வில்லுவரை போவாயா என்று ஏற முன்பே கேளுங்கள். யானை மட்டும் போதும் என்றால் ஜீப்பே தேவையில்லை, மொனராகலை வழியாக வருகிறவர்கள் லகுகல குளத்தருகே வீதியில் இருந்தே பார்க்கலாம், பின்னேரத்தில் வந்தால் நல்லது.

இன்னொன்று, சேர்ஃப் பலகை வாடகைக்கு எடுக்கும்போது பழைய கீறல், வெடிப்பு எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் பலகையில் முதலே இருந்த வெடிப்புக்கும் காசு கேட்டார்கள், படம் இருந்ததால் வாயை மூடினார்கள். பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள், அந்த வீதி முழுக்கப் பலகைக் கடைதான்.