சிறு மண் அணையா, உயர்த்திய ஓடைக்கரையா?

ஓடை வெள்ளம் ஊருக்குள் புகாமல் இருக்க ஓடைக்கரையை உயர்த்தலாம். அல்லது மேல்புறத்தில் சிறு மண் அணை கட்டலாம்.

கரையை உயர்த்துவது எளிது. ஆனால் வெள்ளம் குறைவதில்லை. ஒடுங்கிய பாதையில் வேகமெடுத்து, கீழே இருக்கும் ஊரைத் தாக்கும். ஊருக்குள் பெய்யும் மழை வடியவும் கரையே குறுக்கே நிற்கும்.

மண் அணை வெள்ளத்தின் உச்சத்தையே தணிக்கிறது. அடியில் கதவில்லாத குழாய் ஒன்று இருக்கும்; வழக்கமான நீரோட்டம் அதில் போய்விடும். பெருமழையில் குழாய் கொள்ளாத நீர் அணைக்குப் பின்னால் தேங்கி, மெல்ல வடியும். அதனால் மற்ற நாட்களில் அணை காலியாகவே கிடக்க வேண்டும். 'வீணாகத்தானே கிடக்கிறது' என்று நீரைத் தேக்கிவைத்தால், அடுத்த மழைக்கு இடமிருக்காது. இதைப் பலர் புரிந்துகொள்வதே இல்லை.

ஆபத்தும் மண் அணையில்தான் அதிகம். நீர் மேலே வழிந்தால் மண் அரித்துப்போகும். 1889-இல் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் மண் அணை அப்படித்தான் உடைந்தது. 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே உபரி நீர் பத்திரமாக வெளியேற, தாராளமான கலிங்கு கட்டாயம். குழாயை ஒட்டிய கசிவு, மர வேர்கள், எலி வளைகள் ஆகியவற்றையும் ஆண்டுதோறும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பொருத்தமான பள்ளத்தாக்கும் பராமரிக்க ஆளும் இருந்தால் நான் அணையையே சொல்வேன். பராமரிப்புக்கு உறுதியில்லையென்றால் அணை வேண்டாம். கரையை ஓடையிலிருந்து தள்ளி அமைத்து, வெள்ளம் பரவ இடம் விடுங்கள்.