சிமேலுவே தீவும் மஞ்சக்குப்பம் பிரிண்டிங் கடையும்

ஐந்துக்கு மூன்றரை. கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். அச்சும் லேமினேஷனும் முதல் தரம். குறைந்த ஒன்றரையும் டிசைன் மேசையில் குறைந்தது.

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் இருக்கும் கடை. ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, ரப்பர் ஸ்டாம்ப், காலண்டர் எல்லாம் உண்டு. அகலத் தாளில் அடிக்கும் பிளாட்டரும் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் திட்டவும் போவதால் பெயர் வேண்டாம்.

பிறந்தநாள் பேனருக்கு யாரும் விமர்சனம் எழுத மாட்டார்கள், அதை எந்தக் கடையிலும் நன்றாகத்தான் அடிக்கிறார்கள். நான் கொடுத்தது வரைபடம். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புலப்படத்தில் ஒரு கோடு தள்ளி விழுந்ததற்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனதைப் பார்த்தவன். அதனால் என் கண்ணுக்குக் கொஞ்சம் கெட்ட பழக்கம் உண்டு.

பக்கத்துக் குப்பத்துப் படிப்பகத்தில் டிசம்பர் 26 சுனாமி நினைவு நாளுக்கு மாட்ட ஒரு படம் கேட்டார்கள். அலை, ஒப்பாரி, மெழுகுவத்தி எல்லாம் ஏற்கெனவே சுவர் நிறைய இருக்கிறது. இந்த முறை சிமேலுவேயைப் போடலாம் என்றேன். இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி, அச்சே மாகாணத்தைச் சேர்ந்த தீவு. 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிகப் பக்கத்தில் மனிதர் வாழ்ந்த இடங்களில் ஒன்று. கடலூருக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தத் தீவின் வட முனைக்குப் பத்து நிமிடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. அப்போது தீவில் சுமார் 78,000 பேர். செத்தவர்கள் ஏழு பேர். நம் மாவட்டத்தில் எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியது.

காரணம் மந்திரம் ஒன்றுமில்லை. 1907-ல் அங்கே ஒரு பேரலை வந்து ஊர்களை வாரிக்கொண்டு போயிருக்கிறது. தரை பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லியே பேரப்பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் இதை ஒரு வாக்கியமாகப் படித்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அங்கே எத்தனை ஊர், எத்தனை பேர், எந்த ஊர் எந்த மூலை என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் நிர்வாக வரைபடம்.

சிமேலுவே ஒரு தனி மாவட்டம். 1999-ல் மேற்கு அச்சே மாவட்டத்திலிருந்து பிரித்தார்கள், நம் கடலூர் 1993-ல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த மாதிரி. தலைநகர் சினாபாங். மாவட்டத்துக்குத் தலைவர் 'புப்பாத்தி'. அவர் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர், நம் ஆட்சியர் மாதிரி உத்தரவில் வந்து உத்தரவில் போகிறவர் இல்லை. அதற்குக் கீழே பத்து 'கெச்சாமத்தான்'. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள 'சாமாத்' என்று ஒரு நியமன அதிகாரி, ஏறத்தாழ நம் தாசில்தார். அதற்கும் கீழே 138 ஊர்கள். நம் மாவட்டத்திலும் வட்டங்கள் பத்துதான்.

பரப்பு சுமார் 1,838 சதுர கிலோமீட்டர், கடலூர் மாவட்டத்தில் பாதி. மக்கள் 2010 கணக்கெடுப்பில் 80,674, 2020-ல் 92,865. பத்து வருடத்தில் 15 சதவீதம் கூடியிருக்கிறது. கடலூர் மாவட்டம் 2011-ல் 26,05,914. எண்ணெடுத்த வருடம் வேறு வேறு என்றாலும் வித்தியாசம் கண்ணில் அறைகிறது: பாதி நிலத்தில் இருபத்தெட்டில் ஒரு பங்கு ஜனம். 92,865-ஐ 138-ஆல் வகுத்தால் ஊருக்கு சராசரி 670 பேர். நான் பார்த்த கிராமங்களில் சில தெருக்களே அந்த அளவு இருந்தன. எழுநூறு பேருக்குள் ஒரு ஊர் என்றால், ஒருவர் கத்தினால் ஊரே ஓடும் என்பது என் அபிப்பிராயம். ஆராய்ச்சி இல்லை, அபிப்பிராயம்தான்.

சரி, கடைக்கு வருகிறேன்.

டிசைன் மேசையில் ஒரு தம்பி. கை வேகம், சந்தேகமே இல்லை. நான் கொடுத்த கோட்டுப்படத்தைப் பார்த்ததும், "சார், இது டல்லா இருக்கு. நெட்ல சூப்பர் கலர் மேப் ஒண்ணு இருக்கு, அதையே போட்டுடலாம்" என்றார். திறந்தும் காட்டினார். அழகான படம்தான். எண்ணிப் பார்த்தால் எட்டுப் பிரிவுதான் இருந்தது. 2010 கணக்கெடுப்பு எடுத்தபோது அங்கே எட்டுதான். தெவுபா தெங்கா, சிமேலுவே சூட் இரண்டும் அதற்கப்புறம் பழையவற்றை வெட்டி உண்டானவை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வந்த கதைதான். பழைய படத்தில் புது மக்கள்தொகையை எழுதினால் அது வரைபடம் இல்லை, அலங்காரம். அதோடு 2004 நிலநடுக்கத்தில் தீவின் வடமேற்கு முனையும், 2005 மார்ச் 28 நிலநடுக்கத்தில் தென் பகுதியும் ஒன்றரை மீட்டர் அளவுக்கு மேலே எழும்பி, பவளப்பாறைகள் வெளியே வந்துவிட்டன. கரையே நகர்ந்த தீவுக்கு எந்த வருடத்துப் படம் என்று கேட்காமல் வேலை செய்யக் கூடாது. இதையெல்லாம் சொன்னபோது தம்பி பொறுமையாகக் கேட்டார், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ப்ரூஃப் வந்தது. முதல் கோளாறு எழுத்துரு. யூனிகோடில் கொடுத்ததை அவர்கள் மென்பொருளில் ஒட்டியதும் கொம்பும் காலும் இடம் மாறி, 'தெவுபா' என்ற பேர் யாருடைய பேராகவும் இல்லாமல் போயிருந்தது. பிறகு பாமினி என்ற பழைய எழுத்துருவில் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். இந்தத் தொல்லை இந்த ஊரில் அநேகமாக எல்லாக் கடையிலும் உண்டு, அதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை.

இரண்டாவதற்குக் குறைத்தேன். பத்தில் சிமேலுவே என்று தொடங்குவது நான்கு, தெவுபா என்று தொடங்குவது மூன்று. அப்புறம் தெலுக் டாலாம், சாலாங், அலாஃபான். தம்பி காப்பி அடித்து ஒட்டியதில் 'சிமேலுவே பாராத்'தும் 'தெவுபா பாராத்'தும் இடம் மாறிவிட்டன. ஒன்று தீவின் வடமேற்கே இருப்பது, மற்றது தெற்கே. நூறு கிலோமீட்டர் நீளமுள்ள தீவில் ஒரு வட்டத்தை அந்தக் கோடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாயிற்று. "யார் சார் கண்டுபிடிக்கப் போறாங்க" என்று சிரித்தார். இதே சிரிப்பை சப் டிவிஷன் கோப்புகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் நிஜமாகவே கோபம் வந்த இடம். மக்கள்தொகைக்குப் பக்கத்தில் இருந்த வருடங்களை எல்லாம் எடுத்துவிட்டார். கேட்டதற்கு, நம்பர் மேல நம்பரா இருந்து கண்ணை உறுத்துகிறதாம். வருடம் இல்லாமல் '92,865 பேர்' என்றும் அதன் கீழே 'இறந்தவர்கள் 7' என்றும் போட்டால் படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? சுனாமி அன்று அங்கே 92,865 பேர் இருந்தார்கள் என்றுதானே? அன்று 78,000. கணக்கெடுப்பு எண்ணுக்கு வருடம்தான் உயிர். அழகுக்காக அதை எடுக்கிற கடையில் பள்ளிக்கூடத்துக்கோ பஞ்சாயத்துக்கோ புள்ளிவிவரப் பலகை செய்யக் கொடுத்தால், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வேலை வாங்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மூன்றரை எதற்கு என்றால், கடையை நடத்தும் அம்மாவுக்காக. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்தார். படத்தை முழுதாகப் படித்தார், யாருமே செய்யாத காரியம். "அய்யா, அவங்க கணக்கு 2020, நம்ம கணக்கு 2011. நம்மளுது புதுசா வந்துச்சுன்னா முழுப் படத்தையும் மாத்துவீங்களா?" என்று கேட்டார். மக்கள்தொகை இருக்கும் இடத்தை வெறும் கட்டமாக விட்டு, எண்ணையும் வருடத்தையும் தனி வினைல் பட்டையாக அடித்து மேலே ஒட்டச் சொன்னார். புதுக் கணக்கு வந்தால் பட்டையை மட்டும் உரித்து மாற்றிக்கொள்ளலாம். பணியில் இருந்த காலத்தில் சொல்லியிருந்தால் அலுவலகப் பலகைகளில் எவ்வளவு பெயிண்ட் மிச்சமாகியிருக்கும்.

அச்சு பற்றிக் குறையே இல்லை. நான்கு அடிக்கு மூன்று அடி, சன்போர்ட் என்ற பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி மேட் லேமினேஷன். பளபள லேமினேஷன் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் படத்தில் விழும் என்று சொன்னதும் அந்த அம்மாதான். ஊர் எல்லைக்கான மெல்லிய கோடுகூட உடையாமல் வந்திருக்கிறது. கடலுக்கு அடர் நீலம் போட வேண்டாம் என்று நான் சொன்னதை மதித்து வெளிர் நிறமே வைத்தார்கள். குட்டித் தீவுகளின் பேரைப் படிக்க முடிகிறது. உப்புக்காற்று அடிக்கிற இடம் என்பதால் நான்கு ஓரத்திலும் டேப் சுற்றிக் கொடுத்தார்கள், தனிக் காசு கேட்கவில்லை. மொத்தம் 1,450 ரூபாய். புதுச்சேரியில் விசாரித்ததைவிடக் குறைவு, ஆட்டோ செலவும் மிச்சம்.

யாருக்கு இந்தக் கடை சரிப்படும்: பேர், எண், வருடம் எல்லாம் முடிவு செய்த கோப்போடு போகிறவர்களுக்கு. எழுத்தைத் தாளில் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். ப்ரூஃபை செல்போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், கேட்டால் தருகிறார்கள். காலையில் போனால் அந்த அம்மா இருப்பார். கார்த்திகை தாண்டிவிட்டால் காலண்டர் வேலை வந்துவிடும், அப்புறம் வரைபடத்தை யாரும் தொட மாட்டார்கள்.