குஞ்சுக் கொட்டிலின் சூட்டை எதனிடம் ஒப்படைப்பது? மாரிக்காலத்துக்கான தெர்மோஸ்டாட் ஒப்பீடு

வட இலங்கையின் வன்னியில் மனிதர் வாழும் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் கோழிக்குஞ்சு வளர்ப்போரின் வளவுகளில், ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மாசிப் பனி விலகும்வரை, இரவும் பகலும் சூடாக வைத்திருக்க வேண்டிய ஒரு சிறிய அறையோ தடுப்போ கட்டாயம் இருக்கும். பொரித்து ஒரு நாளான குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அதன் பின் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகையாகக் குறைத்துக்கொண்டு போகலாம். மார்கழி, தை மாத இரவுகளில் நெடுங்கேணியிலோ மாங்குளத்திலோ வெளிவெப்பநிலை 21, 22 பாகைக்கு இறங்கி, கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் வாடைக்காற்றும் நுழையும்போது, குஞ்சுக்கு வேண்டிய சூட்டுக்கும் கிடைக்கும் சூட்டுக்கும் இடையே 10 முதல் 14 பாகை வரை இடைவெளி விழுகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த மாடுகளும் ஆடுகளுமே நூற்றுக்கணக்கில் இறந்தன என்றால், இறகு முளைக்காத, தன் உடற்சூட்டைத் தானே காக்கத் தெரியாத குஞ்சின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சூட்டைக் காக்க இன்று நமக்குக் கிடைக்கும் வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 50 முதல் 100 குஞ்சுகள் வரை வளர்க்கும் வீட்டுப் பண்ணையையே அளவாகக் கொண்டுள்ளேன். குஞ்சு ஒன்றுக்கு 2 வாற்று என்பது வழக்கமான கணக்கு, திறந்த கொட்டிலில் மாரிக்கு அதைச் சற்றுக் கூட்டி 300 வாற்று வரை வைத்துக்கொள்ளலாம். கருவிகளை விற்பவர்கள் அவற்றின் நுட்பத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அடைகாக்கும் முட்டைக்கு 37.5 பாகையில் அரைப் பாகை பிசகினாலும் பாதிப்பு உண்டு என்பதால் அங்கே அந்த நுட்பம் தேவை. ஆனால் நடமாடும் குஞ்சு ஒன்றிரண்டு பாகை வித்தியாசத்தைத் தானே நகர்ந்து சமாளித்துக்கொள்ளும். ஆகவே நான் முதன்மையாகப் பார்ப்பது, ஒரு கருவி பழுதாகும்போது எந்தப் பக்கம் பழுதாகிறது, அதாவது குஞ்சைக் குளிரில் விடுகிறதா, வேகவைக்கிறதா என்பதைத்தான்.

முதலில், தெர்மோஸ்டாட் (சூட்டை உணர்ந்து சூடாக்கியைத் தானே ஏற்றி அணைக்கும் கருவி) எதுவுமே இல்லாத வழி. மூன்று 100 வாற்று இழைக் குமிழ்களைத் தொங்கவிட்டு, குளிர்ந்தால் ஏற்றுவதும் வெயில் ஏறினால் அணைப்பதுமாகக் கையாலேயே நடத்துவது பலருடைய வழக்கம். இதன் பலம், பார்க்க வேண்டியதைப் பார்க்கிற மனிதக் கண் அங்கே இருப்பதுதான். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கத்தினால் குளிர். விளிம்புக்கு ஒதுங்கி, சிறகைத் தளரவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று. தடுப்பு முழுவதும் சீராகப் பரவி நின்றால் சரியான சூடு. இந்தப் பாடத்தை எந்தக் கருவியும் மாற்றீடு செய்யாது. ஆனால் பின்னிரவு இரண்டு மணிக்கு மழை விட்டு வானம் வெளித்துக் குளிர் இறங்கும்போது அந்தக் கண் உறங்கிக்கொண்டிருக்கும். அத்துடன், அந்த மூன்று குமிழ்களும் ஒரு நாள் முழுவதும் எரிந்தால் 7.2 யூனிட் செலவாகும். தேவையான நேரம் மட்டும், பாதி நாள் எரிந்தாலே போதும் என்ற நாட்களில் அது 3.6 ஆகிவிடும். சிரட்டைக்கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைப்பதை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை. காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவும் தீயும் குஞ்சோடு நில்லாமல் வீட்டாரையும் கொல்லக் கூடியவை.

அடுத்தது, வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தரும் அறைத் தெர்மோஸ்டாட். லண்டனிலோ ரொறன்ரோவிலோ வீடு மாற்றும்போது கழற்றிய, பார்ப்பதற்கு மிக அழகான இந்தக் கருவிகள் நம் வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. அவை நல்ல கருவிகளே. ஆனால் மனிதர் வாழும் அறைக்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவற்றின் வீச்சு 5 பாகையில் தொடங்கி 30 பாகையோடு முடிந்துவிடுகிறது; நம் குஞ்சுக்கோ சூடு தேவைப்படுவது அதற்கு மேலேதான். கனடாவிலிருந்து வருபவை பெரும்பாலும் 24 வோல்ற்றுக் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கானவை என்பதால், நம் 230 வோல்ற்றை அவற்றில் நேரே கொடுத்தால் கருவி எரிந்துபோகும், தீப்பற்றவும் கூடும். மூன்றாம் வாரத்துக்குப் பின், 28 பாகைக்குக் கீழே வந்தபின், பிரித்தானிய 230 வோல்ற்று வகை ஒன்று உதவலாம். அதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

வவுனியா, கிளிநொச்சி மின்பொருட் கடைகளில் கேட்டால், சுடுநீர்த் தாங்கிக்குப் பயன்படும் திருகு தெர்மோஸ்டாட்டை எடுத்துக் காட்டக்கூடும். மெல்லிய செப்புக் குழாயின் முனையில் திரவம் அடைத்த குமிழ் ஒன்று இருக்கும். சூட்டில் திரவம் விரிந்து தகட்டைத் தள்ளத் தொடுகை விலகும். மின்னணுப் பாகம் எதுவும் இல்லாததால் இடிமின்னலுக்கும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கும் இது அஞ்சுவதில்லை. நேரடியாக 230 வோல்ற்றைத் தாங்கும். ஆனால் 30 முதல் 110 வரை குறித்த தட்டில் 34 பாகையை நிறுத்துவது மயிரிழை வேலை. அணைவதற்கும் மீண்டும் ஏற்றுவதற்கும் இடையே பல பாகை விழுந்துவிடும். குழாய் நசுங்கித் திரவம் கசிந்துவிட்டால், அது சூட்டை உணராமல் தொடுகையை மூடியபடியே வைத்திருக்கும். அதாவது வேகவைக்கும் பக்கமாகப் பழுதாகும். முதன்மைக் கருவியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் இதற்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உண்மையான போட்டி டபிள்யூ 1209 என்ற சிறு பலகைக்கும் எஸ்.டி.சி. 1000 என்ற பெட்டிக்கும் இடையில்தான்.

டபிள்யூ 1209 விலையில் மிகக் குறைந்தது. 12 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குவது. சூட்டை உணரும் நீர் புகாத சென்சர் ஒன்றும் மூன்று பொத்தான்களும் உடையது. சூடாக்கலா குளிராக்கலா என்பதையும், அணைந்த பின் எத்தனை பாகை இறங்கினால் மீண்டும் ஏற்ற வேண்டும் என்பதையும் அதில் நாமே வைக்கலாம்; தொழிற்சாலையில் இருந்து வரும்போது அந்த இடைவெளி 2 பாகையாக இருக்கும், குஞ்சுக்கு 1 பாகை போதும். முட்டைப் பொறி செய்யும் இளைஞர்கள் பலர் இதைக்கொண்டே தொடங்குகிறார்கள். ஆனால் கொட்டிலுக்குள் இதைத் தொங்கவிடுவதற்கு நான் உடன்படவில்லை. அதன் அடிப்பக்கத்தில் 230 வோல்ற்று ஓடும் ஈயப்பற்றுகள் திறந்தே கிடக்கின்றன. உமித்தூசியும் எச்சத்தின் ஈரமும் மாரிக்காற்றும் நிறைந்த இடத்தில், பெட்டிக்குள் அடைக்காத அந்தப் பலகையைத் தொடுவது ஆபத்து. தூசி படிந்து கசிவு ஏற்பட்டால் தீயும் பிடிக்கலாம். பல பலகைகளில் ரிலேயின் (சூடாக்கிக்கான மின்சாரத்தை ஏற்றி அணைக்கும் பாகம்) மேல் பொறித்திருக்கும் 10 அம்பியர் என்பது 125 வோல்ற்றுக்கான அளவு என்பதையும் கவனிக்க வேண்டும். தனியாக 12 வோல்ற்று அடப்டரும் வேண்டும்; அந்த அடப்டர் செத்தால் சூடும் நின்றுவிடும். பலகை, அடப்டர், பெட்டி மூன்றுக்குமாகக் கொடுக்கும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால் மலிவு என்ற பெயரும் அவ்வளவாக நிலைப்பதில்லை.

எஸ்.டி.சி. 1000 நேரே 230 வோல்ற்றில் இயங்குவது. இதே முகத்தோடு 12, 24, 110 வோல்ற்று வகைகளும் விற்கப்படுவதால், வாங்கும்போது பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அளவை வாசித்துவிட வேண்டும். சூடாக்க ஒன்று, குளிராக்க ஒன்று என இரண்டு ரிலேக்கள், ஒவ்வொன்றும் 10 அம்பியர். கணக்குப்படி 2300 வாற்று தாங்கும் என்றாலும் 1000 வாற்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நம் தேவை 300 என்பதால் இங்கே சிக்கலில்லை. பின்புறத்தில் எட்டு இணைப்புகள்: 1, 2 மின்சாரத்துக்கு, 3, 4 சென்சருக்கு, 5, 6 சூடாக்கிக்கு, 7, 8 குளிராக்கிக்கு. இந்த ரிலே தானாக மின்சாரம் தருவதில்லை, வெறும் ஆளி போன்றது. ஆகவே உயிர்க்கம்பியை 5க்கும் கொடுத்து 6இலிருந்து சூடாக்கிக்குக் கொண்டுபோக வேண்டும். நொதுமல் கம்பியை ஆளியில் வெட்டி உயிர்க்கம்பியை நேரே விட்டால், அணைந்த நிலையிலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். வயரிங் தெரிந்தவரைக் கொண்டு ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பிலிருந்தே இதைச் செய்விக்க வேண்டும்.

இந்தப் பெட்டியை நான் உயர்த்திச் சொல்வதற்குக் காரணம், சென்சர் வயர் அறுந்தாலோ ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலோ இது இரண்டு ரிலேக்களையும் நிறுத்தி, ஒலி எழுப்பி, திரையில் பிழைக்குறியைக் காட்டிவிடும் என்பதுதான். எலி வயரைக் கடிப்பது நம் கொட்டில்களில் அரிய நிகழ்வல்ல. இன்னொரு வசதி, நான்காவது அமைப்பில் சென்சரின் பிசகைத் திருத்தலாம். இளஞ்சூடான நீரில் சென்சரையும், காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்றையும் சேர்த்து வைத்து, இரண்டும் காட்டும் எண்ணை ஒப்பிட்டு வித்தியாசத்தை அதில் பதிந்துவிட்டால், நமக்கு வேண்டிய 35 பாகையை அண்டிய இடத்திலேயே கருவி சரியாக நிற்கும். பனிக்கட்டி நீரில் பூச்சியம் பார்த்துத் திருத்துவதைவிட இது நம் வேலைக்குப் பொருத்தமானது. மின்சாரம் போய் வந்தாலும் வைத்த அமைப்பு அழிவதில்லை.

வைஃபை வகைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வயலில் நின்றபடி கைபேசியில் கொட்டிலின் சூட்டைப் பார்ப்பது பயனுள்ளதுதான். ஆனால் மின்சாரம் நின்றவுடன் கருவியும் வீட்டு ரூட்டரும் சேர்ந்தே அணைந்துவிடுவதால், செய்தி மிகத் தேவைப்படும் நேரத்தில் அது வருவதில்லை.

எந்தக் கருவியை வாங்கினாலும், சென்சரை எங்கே வைக்கிறோம் என்பதே பாதி வெற்றி. குளிர்நாட்டு வீடுகளில் அறைத் தெர்மோஸ்டாட்டைத் தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெளிச்சுவரையும் வெயிலையும் தவிர்த்துப் பொருத்துவார்கள். மனிதர் அமர்ந்தும் நின்றும் உணரும் காற்று அந்த உயரத்தில் இருப்பதே காரணம். குஞ்சு உணரும் காற்று உமிக்கு மேல் 5 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே சென்சரும் அங்கேதான் இருக்க வேண்டும்: சூடாக்கியின் நேர்க்கீழே அல்லாமல், அதற்கும் தடுப்பின் விளிம்புக்கும் நடுவே, குஞ்சு கொத்தி இழுக்க முடியாதபடி சிறு வலைக்கூட்டுக்குள் கட்டி. அது தடுப்புக்கு வெளியே இழுபட்டுவிட்டால், வயர் அறாத வரையில் கருவிக்குப் பிழை தெரியாது. வெளியே குளிர்கிறதென்று எண்ணி உள்ளே சூட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

சூடாக்கியின் தேர்வும் தெர்மோஸ்டாட்டோடு பிணைந்தது. இழைக் குமிழை அதனோடு இணைத்தால், அணையும் ஒவ்வொரு முறையும் கொட்டில் திடீரென இருண்டு, குஞ்சுகள் மிரண்டு ஒரு மூலையில் நெரிபடும். ஒளியற்ற பீங்கான் சூடாக்கியைத் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து, வெளிச்சத்துக்கென ஒரு சிறு எல்.ஈ.டி. குமிழைத் தனியே எரியவிடுவதே சரியான ஏற்பாடு. பீங்கான் சூடாக்கிக்குப் பிளாஸ்ரிக் ஹோல்டர் உருகிவிடும் என்பதால் பீங்கான் ஹோல்டரே வேண்டும். அதை வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் தொங்கவிட வேண்டும்.

இனி, எஸ்.டி.சி. 1000இன் உண்மையான பலவீனம். ரிலேயின் தொடுகைகள் நாளடைவில் தீய்ந்து ஒட்டிக்கொள்ளலாம். அப்போது திரை அணைந்ததாகக் காட்டினாலும் சூடாக்கி எரிந்துகொண்டே இருக்கும். டபிள்யூ 1209க்கும் வைஃபை வகைக்கும் இதே நோய் உண்டு. இங்கேதான் முன்பு ஒதுக்கிய திருகு தெர்மோஸ்டாட் உதவிக்கு வருகிறது. அதை 40 பாகை அளவில் வைத்து, சூடாக்கிக்குப் போகும் அதே உயிர்க்கம்பியில் தொடராக இணைத்தால், முதற்கருவி ஒட்டிக்கொண்டாலும் சூடு எல்லை மீறும்போது இது வெட்டிவிடும். காவலுக்கு நிற்கும் கருவிக்குப் பல பாகை இடைவெளி ஒரு குறையல்ல. இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் பழுதாகும் வாய்ப்பு மிகக் குறைவு.

மின்வெட்டுக்கு மட்டும் இவற்றில் எதுவும் விடையாகாது. 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை வெட்டியதை நாம் மறக்கவில்லை. இன்றும் மாரிக்காற்றில் மரக்கொப்பு முறிந்து கம்பியில் விழுந்தால் இரவு முழுவதும் இருள்தான். 12 வோல்ற்று, 35 அம்பியர் மணி பற்றரி ஒன்றில் மொத்தமாக இருப்பது 420 வாற்று மணி. 200 வாற்றுச் சூடாக்கியை அது இரண்டு மணிநேரம்கூட உறுதியாகத் தாங்காது. அதைவிட, தடுப்பைச் சுருக்கிக் குஞ்சுகளை அட்டைப் பெட்டிகளுக்குப் பிரித்து, துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல்களை இடையே வைத்து, மூச்சுக்கு வழிவிட்டுச் சாக்கால் மூடுவதே பயன் தரும். அதற்கான பெட்டியும் போத்தலும் குஞ்சு வருவதற்கு முன்பே கொட்டிலில் இருக்க வேண்டும்.

ஆகவே முத்தையன்கட்டிலோ துணுக்காயிலோ நூறு குஞ்சு வாங்கி வளர்க்கத் தொடங்கும் ஒருவருக்கு என் தெரிவு, எஸ்.டி.சி. 1000, பீங்கான் சூடாக்கி, காவலுக்கு ஒரு திருகு தெர்மோஸ்டாட். குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே இயக்கி, உமி முழுவதும் சூடேறியபின் 34 பாகையில் தொடங்கலாம்; வாரத்துக்கு 3 பாகையாக இறக்கும்போது எண்ணைவிடக் குஞ்சுகள் நிற்கும் விதத்தையே நம்பி அரைப் பாகை கூட்டியோ குறைத்தோ வைக்கலாம். குஞ்சு வளர வளரச் சென்சரையும் அதன் முதுகு உயரத்துக்கு உயர்த்த வேண்டும். நான்காம் வாரத்துக்குப் பின், தொடர்ந்து சில இரவுகள் சூடாக்கி ஒருமுறையும் இயங்காமல் விடிந்தால், இணைப்பைக் கழற்றி, தூசி துடைத்து, சென்சர் வயரை எலி எட்டாத தகரப்பெட்டிக்குள் சுருட்டி வைக்கலாம். அடுத்த தொகுதிக்கு எடுக்கும்போது இளஞ்சூட்டு நீர்ச் சோதனையை மறுபடி செய்தே பொருத்த வேண்டும்.