மாற்றுச் செயலிக் கடைகள்: ஐபோனும் ஆண்ட்ராய்டும்

ஐபோனுக்கு மாற்றுச் செயலிக் கடைகள் சட்டத்தின் வற்புறுத்தலால் வந்தன. ஆண்ட்ராய்டிலோ அவற்றுக்குத் தொடக்கத்திலிருந்தே இடம் இருந்தது. ஆனால் இரண்டையும் ஒப்பிடும்போது, வேறு கடை இருக்கிறதா என்பதைவிட அது யாருடைய தயவில் நடக்கிறது என்று கேட்பதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது முதல், சாதாரண ஐபோன் பயனருக்கு அது ஒன்றே வழியாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் கட்டாயப்படுத்திய பிறகே, 2024 மார்ச்சில் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 17.4 பதிப்பில், அதுவும் அந்த ஒன்றிய நாடுகளில் மட்டும், ஆப்பிள் பிற கடைகளை அனுமதித்தது. அப்போதும் ஒவ்வொரு செயலியும் ஆப்பிளின் சரிபார்ப்பைக் கடந்தாக வேண்டியிருந்தது. கடையை நிறுவும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 0.50 யூரோ வீதம் கடை நடத்துபவர் ஆப்பிளுக்குச் செலுத்தவும் வேண்டியிருந்தது. அடுத்த மாதமே வெளிவந்த ‘ஆல்ட்ஸ்டோர் பால்’ (AltStore PAL) என்ற மாற்றுக் கடை, தொடக்கத்தில் ஆண்டுக்கு 1.50 யூரோ சந்தா வசூலித்தது இந்தச் சுமையால்தான். போட்டியாளரின் செலவைத் தானே தீர்மானிக்கும் நிறுவனத்துக்குப் போட்டி இருப்பதாக என்னால் ஏற்க முடியவில்லை.

ஆண்ட்ராய்டில் 2010 முதல் இயங்கும் எஃப்-டிராய்டு என்ற மாற்றுக் கடை, மூல நிரல் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கும் செயலிகளை மட்டுமே, பெரும்பாலும் தானே அந்த நிரலிலிருந்து தொகுத்து, வெளியிட்டவர் யார் என்று காட்டும் தன் டிஜிட்டல் கையொப்பத்துடன் வழங்குகிறது. பயனரைப் பின்தொடரும் கூறு ஏதேனும் செயலியில் இருந்தால் அதை மறைக்காமல் குறிப்பிடுகிறது. கணக்கும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆயினும் உலாவி வழியாக அதைப் பதிவிறக்கி, எச்சரிக்கைகளைத் தாண்டி, நிறுவும் அனுமதியைத் தனியே கொடுக்க வேண்டும். பிளே ஸ்டோரில் பெற்ற அதே செயலியை இதற்கு மாற்ற முனைந்தால் கையொப்பம் பெரும்பாலும் பொருந்தாது. பழையதை நீக்கியே புதியதை நிறுவ முடியும் என்பதால், காப்பு எடுக்காதவரின் தரவு அழிந்துவிடும். மாற்றுக் கடைகள் பயனரின் ஒப்புதலை ஒவ்வொரு முறையும் கேட்காமல் செயலிகளைப் புதுப்பிக்கும் வசதி 2021-இல் ஆண்ட்ராய்டு 12 வந்த பிறகே கிடைத்தது. பணபலமும் இங்கே போதவில்லை: அமேசான் தன் ஆண்ட்ராய்டு கைப்பேசிக் கடையை 2025 ஆகஸ்டில் மூடிவிட்டது.

இத்தனை இடர்கள் இருந்தும், இரண்டில் எஃப்-டிராய்டையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒரு செயலியை வெளியிட அது கூகுளிடம் அனுமதி கேட்டதில்லை. ஆனால் பிளே ஸ்டோருக்கு வெளியே செயலி வழங்கும் உருவாக்குநர்களும் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி, 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. தன்னார்வலர்கள் எழுதும் செயலிகளை வழங்கும் எஃப்-டிராய்டால் அவர்களைப் பதிவு செய்யுமாறு கட்டாயப்படுத்தவும் முடியாது, அவர்களின் செயலிகளைத் தன் பெயரில் பதிந்துகொள்ளவும் முடியாது.